மச்சாள் காய்ச்சிய பியர்

நோர்வேயின் குரோருட்டில் எங்கள் குடியிருப்பின் கோடை விழா என்றால், சத்தியபாமா மச்சாளின் பெயருக்கு நேரே 'ரோல்ஸ்' என்று எழுதிவிட்டுத்தான் மற்ற வேலைகளையே பங்கு போடுவார்கள். அவர் என் அண்ணன் மகேசனின் மனைவி. நகரப் பேருந்து ஓட்டுகிறார், பனிக்காலத்தில் நோர்வேக்காரரே திணறுகிற ஏற்றத்தில்கூட. அதெல்லாம் ஒருவர் கண்ணிலும் படாது. இவர் கறியை மாவில் சுற்றிப் பொரிக்கிற ரோல்ஸ்காரி, அவ்வளவுதான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இந்த வருடக் கூட்டத்தில் மச்சாள் கையை உயர்த்தினார். "இந்த முறை பியர் நான் செய்கிறேன்."

வழக்கமாக விழாவுக்குப் பியர் காய்ச்சுகிறவர் மூன்றாம் மாடிக் கிறிஸ்ரியன். அவர் சிரித்தார். "பார்ப்போம். சரிவராவிட்டால் உன் ரோல்ஸ் இருக்கிறதே." அந்தச் சிரிப்பை அடக்காமல் விடக்கூடாது என்று அன்றே நினைத்துக்கொண்டேன்.

மச்சாள் கொஞ்சக் காலமாகவே வீட்டில் காய்ச்சுகிறார். பியருக்குக் கசப்பும் வாசமும் தருவது ஹொப்ஸ் என்கிற பூ. அதை அரைத்து அழுத்திய வில்லைகளைத்தான் அதுவரை போட்டு வந்தார். விழாவுக்கென்று புதுச் சரக்கு வாங்கினார். இலைச்சக்கையை நீக்கி, பூவுக்குள் இருக்கும் மஞ்சள் தூளை மட்டும் செறிவாக எடுத்தது அது. சக்கை குறைவென்பதால் அதில் ஊறி அடியில் பியர் வீணாகாது. வில்லையில் பாதி அளவு போதும் என்று பையிலேயே அச்சடித்திருந்தது.

ஆனால் எங்கள் ஆட்கள் எப்போது தூளை நிறுத்துப் போட்டார்கள்? மிளகாய்த்தூளுக்குக் கைதான் தராசு. மச்சாளும் கொதிக்கிற பானைக்குள் வழக்கம்போலக் கைநிறைய அள்ளிப் போட்டுவிட்டார்.

நொதித்து முடிந்ததும் என்னைக் கூப்பிட்டார். "ராணி, குடிச்சுப் பார்."

ஒரு மிடறுதான். "ஐயோ மச்சாள்! என்ன இது, வேப்பிலைக் கசாயமே?"

அண்ணனுக்கு வாய் சும்மா இருக்காது. "பேசாமல் ரோல்ஸைச் சுத்தும். விழாவுக்கு ரெண்டு கிழமைதான் கிடக்கு."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. மச்சாளோ குவளையைக் கழுவிக் கவிழ்த்தார். "ஏன் ரெண்டுபேரும் செத்தவீடு மாதிரி நிக்கிறியள்? கறி உறைச்சா தூக்கிக் கொட்டுறனாங்களே? தூளில்லாமல் இன்னொண்டு வைச்சுக் கலக்கிறேல்லையே? இதுக்கும் அதுதான்."

அன்றே ஹொப்ஸ் துளியும் போடாமல் இன்னொரு பானை காய்ச்சினார். ஒரு வாரத்தில் அது நொதித்ததும் இரண்டையும் சிறு குவளைகளில் கூட்டிக் குறைத்துக் கலந்து பார்த்து, சரியான பங்கைப் பிடித்து, பீப்பாவில் அடைத்து, நுரை வரக் காஸ் ஏற்றினார்.

விழாவில் கிறிஸ்ரியன்தான் முதல் ஆள். முகர்ந்தார், குடித்தார். வெறுங்குவளையை மறுபடி நீட்டினார். அதைப் பார்த்து மற்றவர்களும் வரிசையில் நின்றார்கள். கேக் வெட்டுவதற்கு முன்பே பீப்பா காலி. சந்தோசத்தில் எனக்குத் தலைகால் தெரியவில்லை.

விழாப் பொறுப்பாளர் ஓடிவந்தார். "அடுத்த வருடமும் பியர் நீதான், சத்தியபாமா. ஆனால், அப்படியென்றால் ரோல்ஸ் யார் செய்வது?"

"கிறிஸ்ரியனுக்கு இனிக் கை சும்மாதானே இருக்கும்" என்றார் மச்சாள்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். கிறிஸ்ரியன் சிரிக்கவில்லை. கோதுமை மா எவ்வளவு வேண்டும் என்று மச்சாளிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.