நாற்பத்திரண்டு படி

வார்னிஷ்காரர் இன்னும் உயிரோடு இருப்பதற்குக் காரணம் அவருடைய பழைய முதலாளிதான்.

மரச்சாமான் பட்டறையில் இருபத்தாறு வருஷம் முகமூடி இல்லாமல் வார்னிஷ் அடித்தவர். நுரையீரல் கெட்டு, நாலு அடி வைத்தாலே இழுக்கத் தொடங்கியதும் நஷ்டஈடு கேட்டு மனு போட்டார். "எல்லாம் பீடி செஞ்ச வேலை" என்றார் முதலாளி. வார்னிஷ்காரர் பீடியைக் கையால் தொட்டவரில்லை. அதோடு நிறுத்தினாரா என்றால் இல்லை. "விசாரணை வர்றதுக்குள்ள ஆளே இருக்க மாட்டான்" என்று பட்டறை வாசலில் நாலு பேர் கேட்கச் சொன்னாராம்.

மறுநாளே வார்னிஷ்காரர் தனக்கு மருந்து தரும் ஆஸ்பத்திரி நர்ஸிடம் போய் உட்கார்ந்தார்.

"விசாரணை ஆபீஸ் ரெண்டாவது மாடியில. லிஃப்ட் கிடையாது, நாற்பத்திரண்டு படி. நானே ஏறிப் போய் வாயைத் திறந்து பேசணும். என்ன செய்யணுமோ சொல்லும்மா."

"முதல்ல மருந்தை எப்படி எடுக்கிறீங்கன்னு காட்டுங்கய்யா."

இன்ஹேலரை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்து, இடமும் வலமும் வீசி அடித்துக் காட்டினார். கதவுக்கு வார்னிஷ் அடிக்கிற அதே வாகு.

"ஐயா, பல்லுக்கா பாலிஷ் போடுறீங்க? உதட்டுக்குள்ள வெச்சு, அழுத்தும்போதே மெதுவா இழுக்கணும்."

இரண்டு வருஷ மருந்து காற்றோடு போயிருந்தது. அந்தப் பழியையும் வார்னிஷ்காரர் முதலாளி தலையிலேயே போட்டார்.

அன்றிலிருந்து ஆளே வேறு. காலையில் நர்ஸ் கொடுத்த மூச்சளக்கும் கருவியில் ஊதி, அது காட்டும் அளவைக் குறிப்பார். உதட்டைக் குவித்து மூச்சு விடுவார். தெருவில் தினம் ஒரு வீடு தாண்டி நடப்பார். சர்க்கரையும் இருந்ததால் இனிப்பைத் தொடவே மாட்டார்.

"நான் சொல்லி ஒரு நாளாவது கேட்டிருப்பீங்களா?" என்றாள் மனைவி.

"நீ என்னைச் சாவான்னு சொல்லலையே."

ஒரு வருஷம் ஓடி, விசாரணைக்கு நாலு நாள் இருக்கும்போது சளி நிறம் மாறியது. முன்பெல்லாம் தானாகச் சரியாகும் என்று கிடந்து, கடைசியில் ஆஸ்பத்திரியில் போய் விழுவார். இந்த முறை, சளி முற்றினால் என்ன செய்வது என்று நர்ஸ் முன்பே எழுதிக்கொடுத்த தாளைப் பார்த்து, கைவசம் இருந்த மாத்திரையை அன்றே தொடங்கினார். நர்ஸுக்கும் போன் போட்டுச் சொன்னார். மாத்திரையால் சர்க்கரை ஏறுகிறதா என்று இருவேளையும் பார்த்தார். மூன்றாம் நாள் நெஞ்சு இளகியது.

படிக்கட்டில் மனைவி கையை நீட்டினாள். "விடு" என்றார். ஏழு படிக்கு ஒரு நிறுத்தம். நின்று மூச்சை இழுப்பார், விட்டுக்கொண்டே ஏறுவார். மேலே நின்ற முதலாளியின் முகம் போன போக்கு, அவருக்கு எந்த மருந்தும் தராத தெம்பைத் தந்தது.

உள்ளே, முகமூடி கேட்ட நாட்களையும் கிடைத்த ஏச்சுகளையும் ஒவ்வொன்றாகச் சொன்னார்.

"நல்லாத்தானே பேசுறான், இவனுக்கு என்ன நோய்?" என்றார் முதலாளி.

"ஒரு வருஷமா மூச்சைச் சேர்த்து வெச்சுப் பேசுறேன் முதலாளி. உங்களுக்குத்தான் நுரையீரல் நல்லா இருக்கே, ஏன் முகமூடி தரலைன்னு சொல்லுங்க."

அதிகாரி பேனாவோடு முதலாளி பக்கம் திரும்பினார். "அது வந்து... அப்போ வந்து..." என்று முதலாளி இழுக்கத் தொடங்கினார்.

"உங்க வேலை முடிஞ்சுதே, போலாமா?" என்று மனைவி காதோரம் கேட்டாள்.

"இரு" என்று வார்னிஷ்காரர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். "இன்னும் கொஞ்சம் திணறட்டும்."