பதினேழாவது அலை

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். வேறு யாராவது சொல்லியிருந்தால் நானே சிரித்திருப்பேன். ஆனால் இது என் காதால் கேட்டது, என் கையால் துடைத்தது. தேதியைக்கூடச் சொல்லலாம், சொன்னால் பிழைப்பு கெடும் என்பதால் விட்டுவிடுகிறேன்.

நான் ஒரு சர்ஃபிங் பள்ளியில் பயிற்சியாளன். எங்கள் கடற்கரையைப் பார்த்தால் பேய்க்கே கொட்டாவி வரும். பாறை கிடையாது, நெடுக மணல். அலை முழங்காலைத் தாண்டினால் அன்று எங்களுக்குப் பெரிய செய்தி. போர்டிலிருந்து விழுந்தால் அடி படாது, மானம்தான் போகும். அதனால்தான் குளியலறைக்கு வெளியே தண்ணீரைப் பார்க்காதவர்களெல்லாம் எங்களிடம் கற்றுக்கொள்ள வருகிறார்கள். ஒரே ஒரு ஆபத்து உண்டு. பெரிய காற்று அடித்து ஓய்ந்தால் மணல்திட்டில் எங்காவது பள்ளம் விழும். அந்த இடத்தில் தண்ணீர் சத்தமில்லாமல் உள்ளே இழுக்கும்.

அதைக் கண்டுபிடிக்கத்தான் காலை அறிக்கை. தினமும் ஆறரை மணிக்குள் ஒருவர் கரையிலுள்ள எங்கள் கொட்டகையின் கரும்பலகையில் 'கடலில்: 1' என்று எழுதிவிட்டு, இடுப்பளவு தண்ணீரில் நின்று இருபது அலைகளை எண்ண வேண்டும். வாய்விட்டு எண்ண வேண்டும். மூடுபனியில் ஆள் தெரியாது, குரல்தான் அடையாளம். இருபதுக்கு முன்னால் குரல் நின்றால், கரையில் இருப்பவர் ஓட வேண்டும். எண்ணிவிட்டு ஏறி வந்ததும் அந்த 'ஒன்றை' அழித்துவிட்டு, அலை எவ்வளவு, காற்று எந்தப் பக்கம், பள்ளம் எங்கே என்று எழுத வேண்டும். அதைப் பார்த்துத்தான் பாடமே தொடங்கும். எழுதுகிறவர்தான் எங்களில் மூத்தவர் என்று கணக்கு.

ஒன்பது வருடம் நான் எழுதினேன்.

பிறகு என் மச்சினன் வந்து சேர்ந்தான். மனைவியின் தம்பி, சின்னவன் என்று கூப்பிடுவோம். போர்டில் நிற்கவே நான்தான் சொல்லிக்கொடுத்தேன். ஆறே மாதத்தில் வருகிறவர்களெல்லாம் "அந்தச் சிரிச்ச முகத்துக்காரர் இல்லையா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். நான் அழுத முகமா என்ன? முதலாளியம்மா அவனைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார். ஒரு நாள் எல்லார் முன்னாலும் சாக்பீஸ் டப்பாவை அவன் கையில் கொடுத்துவிட்டார்.

"இனிமே அறிக்கையை இவரே எழுதட்டும். எழுத்து அழகா இருக்கு."

எனக்கு வயிறு எரிந்தது. மறைக்க என்ன இருக்கிறது? வீட்டில் சோறு இறங்கவில்லை. "என் தம்பி நல்லா வந்தா உங்களுக்கு என்ன போச்சு?" என்றாள் மனைவி.

ஒரு முடிவுக்கு வந்தேன். அவன் வருமுன் நான் போய் எழுதிவிடுவது. முதலாளியம்மா வரும்போது பலகையில் என் எழுத்து இருக்க வேண்டும்.

முதல் நாள். காலை 5.40. நல்ல மூடுபனி. கடல் தெரியவில்லை, சத்தம் மட்டும். கொட்டகையின் விளக்கைப் போட்டேன்.

பலகையில் ஏற்கெனவே எழுதியிருந்தது.

'கடலில்: 1.'

அந்த எழுத்து இடப்பக்கம் சாய்ந்திருந்தது. இன்னும் ஈரம். பனிக்குள்ளிருந்து ஒரு ஆண்குரல் நிதானமாக எண்ணிக்கொண்டிருந்தது.

"பதினஞ்சு… பதினாறு… பதினேழு…"

அப்புறம் ஒன்றுமில்லை.

விதிப்படி நான் ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. 'பார், சின்னவன் மூன்று அலையை ஏமாற்றுகிறான், முதலாளியம்மாவிடம் சொல்லலாம்' என்றுதான் முதலில் தோன்றியது. அவ்வளவு பொறாமை.

பின்னால் சைக்கிள் மணி அடித்தது.

"என்ன அத்தான், இவ்ளோ சீக்கிரம்?"

சின்னவன். காய்ந்த சட்டை, காய்ந்த தலை. அப்போதுதான் வருகிறான்.

"இத யாரு எழுதினது?" என்றேன்.

"நீங்கதானே நிக்கிறீங்க…"

இருவரும் தண்ணீர் ஓரம் போய்க் கத்தினோம். பனி விலகும்வரை தேடினோம். கடலில் யாருமில்லை. எவனோ விளையாடியிருக்கிறான் என்று பலகையை நானே துடைத்தேன். ஆனால் மனதுக்குள், இது சின்னவன் வேலைதான், என்னைப் பயமுறுத்தி விரட்டப் பார்க்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாம் நாள். 5.25. வேண்டுமென்றே முன்னதாகப் போனேன். மறுபடியும் 'கடலில்: 1'. அதே சாய்ந்த எழுத்து. கொட்டகையின் சிமென்ட் தரையில் ஈரக் கால்தடங்கள். கடலிலிருந்து பலகை வரைக்கும் வந்திருந்தன.

திரும்பிப் போன தடம் ஒன்றுகூட இல்லை.

"பதினாறு… பதினேழு…"

குரல் நின்றது. டஸ்டரை எடுத்துத் துடைத்தேன். அப்போது என் பிடரியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது. நிமிர்ந்து பார்த்தேன். கூரை காய்ந்திருந்தது.

தொட்டு நாக்கில் வைத்தேன், உப்புக் கரித்தது.

புத்தியுள்ளவன் அதோடு நிறுத்தியிருப்பான். ஆனால் அன்று மாலை முதலாளியம்மா சின்னவனை அழைத்து, "இந்த மாசத்திலேருந்து நீங்கதான் தலைமைப் பயிற்சியாளர்" என்று சொன்னது என் காதில் விழுந்தது. பயத்தைவிட வயிற்றெரிச்சல் பெரிது என்று அன்று தெரிந்துகொண்டேன்.

அன்று இரவு முழுக்கப் பேய்க்காற்று. விடியும்போது ஓய்ந்துவிட்டது.

மூன்றாம் நாள். 5.10.

சின்னவனின் சைக்கிள் கொட்டகையில் சாய்ந்திருந்தது. எனக்கு முந்திவிட்டான்.

விளக்கைப் போட்டேன். பலகையைப் பார்த்தேன்.

'கடலில்: 2.'

சாய்ந்த எழுத்து…

பனிக்குள் இரண்டு குரல்கள். ஒன்றுபோல எண்ணின. ஒன்று சின்னவனுடையது.

"பத்து… பதினொண்ணு…"

குரல்கள் வந்த இடம் இடுப்பளவுத் தண்ணீர் இல்லை. அதற்கும் அப்பால். ராத்திரிக் காற்றில் பள்ளம் விழுந்திருக்கும்…

"பன்னெண்டு…"

டஸ்டர் என் கையில் இருந்தது. எப்போது எடுத்தேன் என்று தெரியவில்லை. ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த ஒரு நொடி… போகட்டுமே என்று நினைத்தேன். துடைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டால் நான் வந்ததே யாருக்கும் தெரியாது. பலகை மறுபடியும் என்னுடையது.

என் காதருகே யாரோ மூச்சு விட்டார்கள்.

ஈர மூச்சு.

"பதிமூணு…"

டஸ்டரை எறிந்துவிட்டு ஓடினேன். சர்ஃபிங் போர்டு ஒன்றை இழுத்துக்கொண்டு கடலில் பாய்ந்தேன். முழங்கால். இடுப்பு. மார்பு.

"பதினாலு…"

ஒன்றும் தெரியவில்லை. வெறும் வெள்ளை.

"பதினஞ்சு…"

காலுக்குக் கீழே மணல் நழுவியது. பள்ளம்.

"பதினாறு…"

ஒரு தலை. தாடைவரை தண்ணீர். கடலைப் பார்த்துக்கொண்டு… சாவகாசமாக… உள்ளே போய்க்கொண்டிருந்தான்.

சட்டையைப் பிடித்தேன்.

"பதினேழு."

அதைச் சொன்னது ஒரே குரல்.

சின்னவன் குரல் அல்ல.

எப்படிக் கரைக்கு வந்தோம் என்று கேட்காதீர்கள். போர்டில் அவனைப் போட்டு, இழுப்போடு சண்டை போடாமல் கையையே துடுப்பாக்கிப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு வந்தேன். மணலில் கிடந்து இருமினான். பிறகு என்னைப் பார்த்தான்.

"இருபது வரைக்கும் எண்ணணும்ல அத்தான்… அவரு இன்னும் கொஞ்சம் உள்ள வரச் சொன்னாரு."

"எவருடா?"

"முன்னாடி எழுதிட்டிருந்தவராம். 'உன் அத்தானுக்கு என்னை நல்லாத் தெரியும்'னு சொன்னாரு."

எனக்கு முன்னால் எழுதியவரை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை.

மதியம் முதலாளியம்மாவிடம் கேட்டேன். முகம் மாறிவிட்டது.

"நீங்க சேர்றதுக்கு முந்தின நாள் சாயங்காலம் சண்டை போட்டாரு. புதுசா ஒருத்தரை எடுத்தா நான் எதுக்குன்னு கத்திட்டுப் பையை எடுத்துட்டுப் போனவருதான். அப்புறம் ஆளே வரல. வேற ஊருக்குப் போயிட்டாருன்னு நினைச்சோம்."

"எழுத்து எப்படி இருக்கும்?"

"இடது கைக்காரர்."

எங்கள் கொட்டகைக் கம்பத்தில் ஒரு கேமரா உண்டு. அலை எப்படி இருக்கிறது என்று வாடிக்கையாளர்கள் வீட்டிலிருந்தே பார்க்க, ஐந்து நிமிடத்துக்கு ஒரு படம் எடுக்கும். ஓரத்தில் கரும்பலகையும் விழும். பழைய படங்களெல்லாம் ஒரு பழைய கணினியில் கிடந்தன. நான் சேர்ந்த நாளைத் தேடி எடுத்தோம்.

5.30 படம். மூடுபனி. பலகையில் சாய்ந்த எழுத்து, 'கடலில்: 1'. ஒருவர் முதுகைக் காட்டிக்கொண்டு கடலில் இறங்குகிறார். புதிதாக வருகிறவனுக்கு முன்னால் தான் எழுதிவிட வேண்டும் என்று வந்திருக்கிறார். என்னைப் போலவே.

5.35 படம். பலகை சுத்தமாக இருக்கிறது. பக்கத்தில் டஸ்டரோடு நான்.

அவர் வெளியே வருகிற படம் ஒன்றுகூட இல்லை.

அறிக்கையைச் சின்னவனே எழுதட்டும் என்று அன்றே சொல்லிவிட்டேன். பெருந்தன்மை என்று மனைவி எல்லாரிடமும் பெருமையடிக்கிறாள். நான் வாயைத் திறப்பதில்லை.

ஏனென்றால் ஒன்பது வருடமாக மறந்திருந்த அந்தக் காலை இப்போது நன்றாக ஞாபகம் வருகிறது. முதல் நாள், நல்ல பெயர் வாங்க வேண்டும் என்று சீக்கிரம் வந்தேன். பலகையில் ஏதோ பழையதை எழுதி வைத்திருக்கிறார்கள் என்று டஸ்டரை எடுத்தேன். பனிக்குள் யாரோ எண்ணிக்கொண்டிருந்தார்கள். பதினேழில் குரல் நின்றது.

இருபது வரை எண்ண வேண்டும் என்று எனக்கு அப்போது யாரும் சொல்லியிருக்கவில்லை. எண்ணி முடித்துவிட்டார் என்று நினைத்துத் துடைத்துவிட்டேன்.