லேஞ்சி போட்ட சீட்

பென்டில் ஹில் ஸ்டேஷனில் ரெயில் நிற்குமுன்பே என் கை, முகம் துடைக்கும் லேஞ்சியை ஜன்னலுக்குள் எறிந்துவிட்டது. சிட்னியில் நான் வேலைக்குப் போன முதல் காலை அது. உள்ளே ஏறினால், எதிர் சீட்டில் இருந்த கிரேக்கர் ஒருவர் அதை அழகாக மடித்து, தவறி விழுந்துவிட்டது என்று மரியாதையாக நீட்டுகிறார்.

கொழும்புக் கோட்டையில் யாழ்ப்பாண ரெயில் பிடித்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. லேஞ்சி விழுந்த சீட்டில் வேறு ஆள் இருப்பதில்லை, இருந்தால் சண்டைதான். லீவுக்கு ஊர் போகும்போதெல்லாம் நான் முன்னால் ஓடி எறிவேன். என் மனைவி கமலா பையும் தண்ணீர்ப் போத்தலுமாக ஆறுதலாக வந்து, சீதனக் காணியில் இருப்பதுபோல ஜன்னலோரம் இருப்பாள். இதையெல்லாம் கிரேக்கருக்கு எந்த இங்கிலீஷில் சொல்வது? மனைவிக்குப் போட்டது என்று மட்டும் சொன்னேன். அவர் பிளாட்ஃபாரத்தை எட்டிப் பார்த்தார். யாருமில்லை. அடுத்த ஸ்டேஷனில் ஏறுவாள் என்று தானே முடிவுகட்டி, லேஞ்சியைத் திரும்ப விரித்து, அதில் இருக்க வந்தவரையும் தடுத்துவிட்டார்.

அவர் பெயர் கொஸ்தாஸ். நான் வேலைக்குச் சேர்ந்த அதே தொழிற்சாலையில் வெல்டர் என்பது அன்றே தெரிந்தது. கமலா இன்னும் யாழ்ப்பாணத்தில், அனுமதிக் கடதாசிக்காகக் காத்திருக்கிறாள் என்ற உண்மையையும் மத்தியானமே சொல்லிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. அவருடைய மனைவி கப்பலேற ஐந்து வருடம் ஆனதாம். மறுநாளிலிருந்து நான் தினமும் லேஞ்சி எறிவேன்; அந்தச் சீட்டுக்கு அவரே காவல்.

நாங்கள் செய்வது ரெயில் பெட்டி. கப்பலில் வந்த கிரேக்கர்களும் இத்தாலியர்களும் ஒட்டுகிறார்கள். பிளேனில் வந்த நான் அதற்கு வரைபடம் கீறுகிறேன். பெட்டி ஓடும் பாதையோரமெல்லாம் புதுத் தொழிற்சாலைகள் எழும்புகின்றன. அவற்றுக்கு ஆள் போதாமல் இன்னும் கப்பல், இன்னும் பிளேன். நாடு முன்னேறுகிறது என்று பேப்பர்கள் பூரிக்கின்றன. முன்னேறட்டும். வேலைக்கு இரண்டு கை கேட்டவர்கள் அந்தக் கைகளுக்குப் பின்னால் ஒரு வீடு இருக்கிறதா என்று கேட்கவில்லை என்பதுதான் எனக்குக் கோபம்.

ஒன்றரை வருடம் கழித்து அனுமதி வந்தது. கூடவே கமலாவின் கடிதமும். மாமா, அவளுடைய அப்பா, பாரிசவாதத்தில் படுத்துவிட்டார்; அவளை விட்டால் பார்க்க ஆளில்லை. கடைசி வரியில் எழுதியிருந்தாள்: "என்னாலை வரேலாது. நீங்கள் திரும்பி வாங்கோ."

மறுநாள் லேஞ்சியை எறியவில்லை. உள்ளே ஏறினால், கொஸ்தாஸ் தன்னுடைய பெரிய கட்டம் போட்ட லேஞ்சியை அந்தச் சீட்டில் விரித்து வைத்திருக்கிறார். கடதாசி வந்ததா என்று வழக்கம்போலக் கேட்டார். வந்தது என்றேன். மிச்சத்தைச் சொல்வதற்குள் அவர் எழுந்து என்னைக் கட்டிப்பிடித்து, இவருடைய மனைவி வருகிறாள் என்று பெட்டி முழுக்கச் சொன்னார். தெரியாத முகங்களெல்லாம் என்னைப் பார்த்துச் சிரித்தன.

நானும் சிரித்தேன். பிறகு, கோட்டை ரெயிலில் இருப்பதைப் போலவே, கமலாவின் பைக்கும் இடம் விட்டு, சீட்டின் நுனியில் இருந்தேன்.