ராமாயிக்குப் பேர் வெட்டிய கதை

மருந்து கலக்குகிற வேலையில் பெரிய தொல்லை, கலக்குவதற்கு மருந்தே இல்லாத நோயாளி வந்து படுப்பதுதான். வீட்டில் அப்படி ஒருவரைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம்.

குச்சி

ஐம்பதுகளின் கடைசியில் இலங்கை மலையகத்தில், டிக்கோயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கலக்குபவனாக இருந்தேன். கொழுந்தெடுக்கும் ராமாயிக்கு மார்பில் புற்றுநோய். இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று கொழும்பிலிருந்து திருப்பி அனுப்பிவிட்டார்கள். படு, படு என்றேன். படுத்தால்தானே! பக்கத்துக் கட்டில்காரிக்குப் பேன் பார்ப்பாள், இல்லாவிட்டால் என்னோடு சண்டை. பொறுக்கமாட்டாமல் பாக்டரியிலிருந்து ஒரு சுளகு தேயிலை வாங்கி வந்து, அதில் கிடக்கும் காம்புக் குச்சிகளைப் பொறுக்கச் சொன்னேன். அன்றைக்கு வலி என்று ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. சாயங்காலம் சுளகை நீட்டிச் சொன்னாள்: "மொதல்லயே குடுத்திருந்தா ஒங்க மருந்தாவது மிச்சமாயிருக்கும்ல ஐயா!"

கொண்டை

ராமாயிக்கு வலது கை தோளுக்கு மேல் எழும்பாது. தலையில் வேறு யாரையும் கைவைக்க விடமாட்டாள். தேயிலைச் செடியில் வெட்டிப்போட்ட ஒரு மிலாறுக் குச்சியில் சீப்பைக் கட்டிக் கொடுத்தேன். முழங்கையை ஜன்னல் கட்டையில் ஊன்றிக்கொண்டு அரைமணி நேரம் போராடினாள். கொண்டை காதுப் பக்கம் சாய்ந்து நின்றது. புருஷன் காளிமுத்து என் காதோரம் கெஞ்சினார்: "கோணல்னு மட்டும் சொல்லிப்புடாதீங்கய்யா, அவுத்துட்டு மறுபடி ஆரம்பிச்சிருவா!"

பேர்

அவளுக்கு ஒரே ஆசை. சாவதற்குள் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்துக்குப் போய், தன் அடுப்பில் காளிமுத்துவுக்கு ரொட்டி சுட வேண்டும். அடுப்புப் புகை ஆகாது என்று பெரிய டாக்டர் மறுத்துக்கொண்டே இருந்தார். பலகையில் உட்காரவைத்து, இடது கையால் மாவு பிசையப் பழக்கி, அவரையே கூட்டி வந்து காட்டினேன். சரி என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. வார்டுக்கு ஓடினேன். "ராமாயி, பேர் வெட்டியாச்சு!"

அவள் முகம் செத்துப்போனது. "நான் சாகுறதுக்குள்ளயே வெட்டிட்டீங்களா?" என்று இடது கையால் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அட மடையா என்று என்னையே திட்டிக்கொண்டேன். தோட்டத்தில் பேர் வெட்டினால் வேலையும் போச்சு, லயத்து வீடும் போச்சு.

"ஆஸ்பத்திரிப் புத்தகத்துல வெட்டுனேன் தாயே! நீ வீட்டுக்குப் போற!"

அழுகை நிற்காமலே சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. எனக்கும் அப்போதுதான் மூச்சே வந்தது.

மறுநாள் லயத்துக்குப் போனேன். அடுப்படியில் பலகை போட்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு பக்கம் கருகிய ரொட்டியை என் கையில் திணித்தாள். "சாப்பிடுங்கய்யா. அங்கயே கெடந்திருந்தா இந்நேரம் எனக்கு யாராச்சும் ஊட்டிக்கிட்டு இருப்பாங்க."

அதற்குப் பிறகு அவள் இருந்த இரண்டு மாதமும் நோயாளியைப் பார்க்கப் போனதாகத்தான் புத்தகத்தில் எழுதினேன், போனதென்னவோ ரொட்டி தின்னத்தான்.