மாவுக்கட்டும் ஸ்பீக்கர் போனும்

கலெக்டர் ஆபீஸ் வளைவில் மழைத்தண்ணீரில் ஸ்கூட்டர் வழுக்கியபோது, முகத்தைக் காப்பாற்ற இரண்டு கைகளையும் தரையில் ஊன்றினேன். முகம் தப்பியது. மணிக்கட்டு இரண்டிலும் எலும்பு விரிசல் விட்டது. முழங்கையிலிருந்து உள்ளங்கை வரை இரண்டு பக்கமும் மாவுக்கட்டு. விரல்கள் மட்டும் வீங்கிப்போய் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. ஆறு வாரம் என்றார் டாக்டர்.

சாப்பாடு ஊட்ட, தலை வாரிவிட, எல்லாவற்றுக்கும் கணவர் இருந்தார். பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். விசில் இல்லாமலேயே மைதானத்தின் அடுத்த முனையில் இருக்கிற பையனை நிறுத்திவைக்கும் குரல் அவருக்கு. சமையலும் பத்து நாளில் கைக்கு வந்துவிட்டது. எனக்குத் தாங்காதது செல்போன்தான். கையில் பிடிக்க முடியாது. மேஜையில் வைத்து விரலால் தேய்த்தால் வேறு எங்கோ போய் நிற்கும். பெங்களூரிலிருந்து மகள் கூப்பிட்டபோது மூன்று தடவை எடுக்கப்போய் மூன்று தடவையும் கட் செய்துவிட்டேன். அவள் பயந்துபோய் அப்பாவைக் கூப்பிட்டாள். அவர் போனை என் காதில் வைத்துப் பிடித்தார்; ஆனால் அவள் என்னைக் கேட்டதற்கெல்லாம் அவரே பதில் சொன்னார்.

மறுநாள் காலையில் முடிவெடுத்துவிட்டேன்.

"ஒயர் வெச்ச போன் ஒண்ணு வாங்கிட்டு வாங்க. ஸ்பீக்கர் இருக்கணும். பட்டன் பெருசா இருக்கணும்."

"இந்தக் காலத்துல அத யாரு விக்கிறான்?"

"தேரடி வீதியில கேளுங்க. கிடைக்கும்."

கிடைத்தது. மூன்றாவது கடையில்.

வேங்கிக்காலில் ஒரு அலுவலகத்தின் டெலிபோன் போர்டில் ஆபரேட்டராக இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்தவள் நான். போன் விஷயத்தில் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கைதான் இல்லை. அதனால் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு நான் சொல்ல, அவர் மாட்டினார்.

சுருள் ஒயரை ரிசீவரில் சரியாக மாட்டிவிட்டார். நீள ஒயரை இன்டர்நெட் பெட்டியின் பின்னால் சொருகிவிட்டு ரிசீவரைக் காதில் வைத்தார்.

"ஒண்ணுமே கேக்கல. டப்பா போன வித்துட்டான்."

"போன் நல்லாத்தான் இருக்கு. நீங்க சொருகினது கம்ப்யூட்டர் ஒயர் போற எடம். அதுக்குப் பக்கத்துல கம்மி அகலத்துல இன்னொண்ணு இருக்கும், மேல போன் படம் போட்டிருக்கும் பாருங்க."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். சொருகினார். ஸ்பீக்கர் பட்டனை அமுக்கியதும் கூடம் முழுக்க டயல் டோன் கேட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டு வருடக்கணக்காகிறது. எனக்கு உடம்பே நிமிர்ந்துகொண்டது.

அடியில் பேட்டரி போட்டால்தான் கூப்பிடுகிறவர் நம்பர் தெரியும் என்றேன், போட்டார். மணியின் சத்தத்தைக் கூட்டச் சொன்னேன். ஒரே அமுக்கில் கூப்பிட மூன்று பட்டன்கள் இருந்தன. முதல் பட்டனில் மகள், இரண்டாவதில் அவருடைய செல்போன், மூன்றாவதில் டாக்டர். இரும்பு ஷெல்ஃபின் மேல் வைத்தால் குரல் கணகணவென்று கேட்டது. மர ஸ்டூலில் துண்டை மடித்துப் போட்டு, அதன்மேல் வைக்கச் சொன்னேன். சரியாகிவிட்டது. நடுவிரலால் முதல் பட்டனை அமுக்கினேன். மகள் எடுத்தாள்.

"யாரு?"

"உங்கம்மாதான். ஸ்பீக்கர்ல இருக்கு, அப்பா பக்கத்துல இருக்காரு."

இதைச் சொல்லாமல் நான் யாரிடமும் பேச ஆரம்பித்ததில்லை. மூன்றாவது ஆள் கேட்டுக்கொண்டிருப்பது தெரியாமல் ஒருவரைப் பேசவிடுவது தப்பு. போர்டில் உட்கார்ந்த முதல் வாரமே எனக்குப் பதிந்துபோன விஷயம் அது.

புது நம்பரை மகள் எல்லாருக்கும் அனுப்பினாள். என் கொழுந்தனுக்கும் அனுப்பியிருக்கிறாள்.

கணவருக்கு ஒரே தம்பி. புனேயில் வேலை. மாமனார் இறந்ததிலிருந்து ஆறு வருடமாக இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. செய்தி கேட்டதும் தம்பி விமானம் பிடித்து, சென்னையிலிருந்து காரில் ஓடி வந்தார். கிராமத்து வீட்டு வாசலில் அவர் இறங்கியபோது மாலை ஆறரை மணி. நான்கு மணிக்கே எடுத்துவிட்டார்கள். எடுக்கலாம் என்று சொன்னது என் கணவர். தம்பி ஒரு வார்த்தை கேட்கவில்லை, இவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதோடு முடிந்தது. என்னிடம் மட்டும் பொங்கலுக்கும் கார்த்திகை தீபத்துக்கும் ஒரு மெசேஜ் வரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மணி அடித்தது. அமுக்கினேன்.

"அண்ணி, கை எப்படி இருக்கு?"

"பரவால்ல தம்பி. ஸ்பீக்கர்ல இருக்கு. என்னால எடுத்துப் பேச முடியாது."

ஸ்பீக்கர் என்றதும் வைத்துவிடுவார் என்று நினைத்தேன்.

"சமையல் யாரு பண்றாங்க?"

"உங்கண்ணன்தான்."

"அவருக்குச் சுடுதண்ணி கூட வைக்கத் தெரியாதே!"

சமையலறையில் கத்தரிக்காய் அரிந்துகொண்டிருந்தவர் தலையைத் தூக்காமல் சொன்னார். "நேத்து வெச்ச ரசம் ரெண்டு தெரு மணந்துச்சுன்னு சொல்லு."

"நான் ஏன் சொல்லணும்? கேட்டிருக்கும்."

கேட்டிருந்தது. போனில் சின்னதாக ஒரு சிரிப்பு.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவர் ரிசீவரைத் தொடவில்லை. அவரும் அண்ணனைக் கூப்பிடவில்லை. இரண்டு பேரும் என்னோடு பேசுவதாகவே வைத்துக்கொண்டு பேசிக்கொள்ளலாம். யாரும் இறங்கி வந்ததாகக் கணக்கில்லை. இதை நான் விடக்கூடாது என்று தீர்மானித்தேன். அடுத்த ஞாயிறு கொழுந்தன் கூப்பிட்டபோது, சமையலறைக்கும் கேட்கும்படி ஸ்பீக்கர் சத்தத்தைக் கூட்டிவைத்தேன். அதற்கடுத்த ஞாயிறும்.

நான்காவது ஞாயிறு வெடித்தது. மாமனாரின் திதி வருகிறது என்று நான்தான் பேச்சை எடுத்தேன். தெரிந்தேதான் எடுத்தேன்.

"எனக்கு என்னத்துக்கு அண்ணி சொல்றீங்க? எரிக்கும்போதே என்னத் தேடல."

கணவர் அடுப்பை அணைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்தார். "யார்ரா தேடல? உனக்கு என்னடா தெரியும் அங்க..."

இந்தப் போனில் ஒரு குணம் உண்டு. இந்தப் பக்கம் சத்தம் ஜாஸ்தியானால் அந்தப் பக்கத்துக் குரல் அறுந்துபோகும். இவர் மைதானத்துக் குரலில் கத்த, கொழுந்தன் பேசுவது பாதி எழுத்தாக வந்து விழுந்தது. இவருக்கும் அது எதுவும் புரிந்திருக்காது. மாவுக்கட்டால் ஸ்டூலை ஓங்கித் தட்டினேன். வலி தோள் வரை ஏறியது.

"ஒருத்தர் முடிச்சப்புறம் ஒருத்தர் பேசுங்க. இல்லன்னா இதுல ஒண்ணும் கேக்காது. தம்பி, மொதல்ல நீ பேசு. நீங்க வாய மூடிக்கிட்டு உக்காருங்க."

உட்கார்ந்தார். என்னை அப்படி அவர் பார்த்ததில்லை.

கொழுந்தன் பேசினார். காரில் வரும்போது டிரைவரை எப்படி விரட்டினார், திண்டிவனம் தாண்டும்போதே எடுத்தாகிவிட்டது என்று வேறு யாரோ போனில் சொன்னது, அதன் பிறகும் இரண்டு மணி நேரம் அந்த வண்டியிலேயே உட்கார்ந்து வந்தது. "ரெண்டரை மணி நேரம்ணா. ரெண்டரை மணி நேரம் எனக்காக வெச்சிருக்கக் கூடாதா?"

ஆறு வருடத்தில் முதல் தடவையாக 'அண்ணா' என்று வந்தது. கணவர் என்னைப் பார்த்தார். பேசுங்கள் என்று தலையசைத்தேன்.

"காலைல கரண்ட் போச்சுடா. ஐஸ் பெட்டி நின்னுபோச்சு. ஜெனரேட்டருக்கு மூணு எடத்துல சொல்லி அனுப்பினேன், வரல. மத்தியானத்துக்குள்ள அப்பா மொகமே மாறிடுச்சு. அத நீ பாக்க வேணாம்னு நெனச்சேன். நீ வரதுக்கு முன்னாடி எடுத்துடணும்னு நான்தான் அவசரப்படுத்தினேன்."

அந்த மைதானத்துக் குரல் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

"இத ஏன் சொல்லல?"

"எப்படிடா சொல்வேன்? அப்பா அப்படி ஆயிட்டாருன்னு வாயத் தொறந்து சொல்றதா?"

நான் எழுந்து வாசல் பக்கம் போய்விட்டேன். அதற்குமேல் அந்தப் பேச்சுக்கு நான் தேவைப்படவில்லை. திரும்பி வந்தபோது போன் வைக்கப்பட்டிருந்தது. கணவர் மறுபடி அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். கண் சிவந்திருந்தது, வெங்காயம் என்றார். அன்றைக்கு வெங்காயமே அரியவில்லை.

திதிக்குக் கொழுந்தன் குடும்பத்தோடு வந்தார். அதற்குள் எனக்கு ஒரு கையில் கட்டுப் பிரித்திருந்தார்கள். சாப்பாடு முடிந்ததும் அண்ணனும் தம்பியும் ஒரே வண்டியில் ஊருக்குப் போய், அப்பாவை எரித்த இடத்தைப் பார்த்துவிட்டு இருட்டுவதற்குள் திரும்பினார்கள். தம்பி ஓட்டினார், இவர் பின்னால் உட்கார்ந்திருந்தார். வந்ததும் இரண்டு பேரும் காபி கேட்டார்கள். பிரித்த கையால் நானே போட்டுக் கொடுத்தேன்.