இரண்டு விரற்கடை

பாசுரம் ஓதும்போது ‘திருவடி’ என்ற சொல் வந்தால் நெஞ்சு தாமரை மலரை நினைக்க வேண்டும். என் நெஞ்சோ, எத்தனை முறை இழுத்து நிறுத்தினாலும், ஒரு ஜோடி கறுப்புத் தோல் ஷூவிடம் போய் நின்றுவிடுகிறது. இது அபசாரம் என்று பல ஆண்டுகள் அஞ்சியிருக்கிறேன். இப்போது அஞ்சுவதில்லை. அந்த ஷூ எங்கள் வீட்டில், என் கண் முன்னால், அப்பாவின் கையால் தைக்கப்பட்டது.

சேரப்பணஞ்சேரிக்கு அருகில் இருந்தோம். சுற்றியிருந்த வயல்களில் ஒன்றன்பின் ஒன்றாகக் கம்பெனிகள் எழும்பிக்கொண்டிருந்த காலம். அப்பா முன்பு ஒரு ஷூ கம்பெனியில் தையல் லைனில் இருந்தவர். அந்த லைன் மூடப்பட்டபின், தையற்காரர் ஒருவர் கழித்துப்போட்ட பழைய மெஷினை வாங்கிவந்து, தடித்த ஊசி பொருத்தி, முன்னறையில் வைத்துக்கொண்டார். செல்போன் எல்லாருடைய இடுப்பிலும் ஏறத் தொடங்கியிருந்ததால், அதற்கான தோல் உறைகளை வாலாஜாபாத் கடைகளில் விரும்பி வாங்கினார்கள். சென்னைப் பெரியமேட்டுத் தோல்மண்டிகளிலிருந்து வெட்டுத்துண்டுத் தோல் மூட்டையாக வரும். கருவிகளெல்லாம் அவரே செய்துகொண்டவை. குடைக்கம்பியைத் தீட்டினால் குத்தூசி. உடைந்த ஆக்சா பிளேடுக்குத் துணி சுற்றினால் கத்தி. பொத்தானுக்குத் துளையிட, சைக்கிள் பம்பின் குழாயை அறுத்து விளிம்பைக் கூராக்கிய துண்டு. தடித்த தோலாக இருந்தால் மிதியை விட்டுவிட்டு, சக்கரத்தைக் கையால், ஒரு தையலுக்கு ஒரு மூச்சாகச் சுழற்றுவார். வாய் மட்டும் பாசுரத்தை முணுமுணுத்துக்கொண்டிருக்கும். எங்களை மெஷின் பக்கம் அண்டவிட மாட்டார். “துணின்னா பிரிச்சித் தெச்சிக்கலாம். தோலுல ஊசி எறங்கினா எறங்கினதுதான்” என்பார்.

அக்காவுக்கு இடக்கால் இரண்டு விரற்கடை குறைவு, பிறவியிலேயே அப்படி. அவளுடைய இடச்செருப்புக்கு மட்டும் அப்பா அடியில் தோல் அடுக்கு ஒட்டித் தருவார். அதைப் போட்டு நடந்தால் சாய்வு பாதியாகும். வெறுங்காலில் முழுவதும் தெரியும். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தபோது அவளுக்கு ஒரே ஓர் ஆசைதான் இருந்தது. விடியற்காலையில் எங்கள் தெருமுனையில் வந்து நிற்கும் கம்பெனி பஸ்ஸில் தானும் ஏற வேண்டும். செல்போன் செய்யும் கம்பெனி ஒன்று பெண்களைக் கூட்டங்கூட்டமாக வேலைக்கு எடுத்துக்கொண்டிருந்தது. அவளோடு படித்தவர்கள் கழுத்தில் அட்டை தொங்க அந்தப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தார்கள். ஆனால் அங்கே ஷிப்ட் முழுவதும் நின்றபடியே வேலை. நடக்கவிட்டுப் பார்த்துத்தான் ஆள் எடுக்கிறார்கள் என்று ஊரில் பேச்சு.

பக்கத்துப் போர்ஷனில் வாடகைக்கு இருந்த தூத்துக்குடிப் பக்கத்துப் பெண் ஒருத்தி அந்தக் கம்பெனியில்தான் இருந்தாள். ஓய்வாக இருக்கும்போது என்னை முன்னால் உட்கார்த்தி வைத்துப் பேன் பார்ப்பாள். கம்பெனி உள்ளே எப்படி இருக்கும் என்று ஒருநாள் அவளைக் கேட்டேன்.

“கோயிலு மாதிரில்லா இருக்கும்ட்டி! ஒரு தூசி கெடயாது. செருப்போ ஷூவோ, எதுன்னாலும் வாசல்லயே கழட்டிப் போட்டுரணும். அவுக குடுக்க செருப்பத்தான் மாட்டிக்கிட்டு உள்ள போணும்.”

எனக்கு மெய்சிலிர்த்தது. அக்கா கோயிலைப் போன்ற ஓரிடத்துக்கு வேலைக்குப் போகப்போகிறாள். அந்தப் பெருமையை யாரிடமும் சொல்லாமல் எனக்குள்ளேயே வைத்துக்கொண்டேன்.

அந்தப் பெருமைக்கு வேறொரு காரணமும் உண்டு. அக்கா கோயிலுக்குள் வருவதேயில்லை. சனிக்கிழமைதோறும் நாங்கள் நால்வரும் பெருமாளைச் சேவிக்கப் போவோம். கோபுர வாசலில் அவள் நின்றுவிடுவாள். “நீங்க போய்ட்டு வாங்க. நான் செருப்பு பாத்துக்கினு இருக்கேன்” என்பாள். அம்மா வற்புறுத்த மாட்டாள். தீர்த்தமும் துளசியும் பெற்று, பெருமாளின் திருவடியாகிய சடாரிக்குத் தலைகுனியும்போதெல்லாம், பக்தி போதாத என் அக்காவை மன்னித்தருளுமாறு நான் வேண்டிக்கொள்வேன். வயது ஒன்பது, அருளுக்குச் சிபாரிசு செய்யும் தகுதி எனக்கு இருப்பதாக நம்பினேன்.

அப்பா ஷூ தைக்க முடிவுசெய்தார். என் நோட்டிலிருந்து இரண்டு தாள்களைக் கிழித்து, அக்காவை அவற்றின்மேல் நிறுத்திப் பாதங்களை வரைந்துகொண்டார். ஷூவுக்கு அச்சாகப் பூவரசங்கட்டையில் இரு பாதங்களைச் செதுக்கினார். ஒருவருக்குப் பை தைத்துத் தருவதாகச் சொல்லி வைத்திருந்த, தழும்பில்லாத கறுப்புத் தோலை விரித்துக் கத்தியை வைத்தார்.

“அந்தப் பைக்காரருக்கு இன்னா சொல்லுவே?” என்றாள் அம்மா.

“மாடு இன்னும் மேஞ்சிக்கினு கீதுன்னு சொல்றேன்.”

வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு ஷூவும் ஒரே உயரம். இடப்பக்க ஷூவினுள் மட்டும், குதிகாலில் தடித்தும் விரல்களை நோக்கி மெலிந்தும், தோல் அடுக்குகள் ஒட்டப்பட்டிருந்தன. இந்த ஏற்பாடு வெளியே தெரிந்தால் கம்பெனிவரை போய்விடும் என்று கதவைச் சாத்திக்கொண்டே தைத்தார். “பக்கத்து வூட்டுப் பொண்ணாண்ட வாயத் தொறக்காதே” என்று என்னிடம் சத்தியமும் வாங்கிக்கொண்டார். அவருக்குத் தெரிந்த கம்பெனியில் காலில் போட்டதோடுதான் லைனில் நிற்பார்கள். வேறு கம்பெனியில் வேறு வழக்கம் இருக்கலாம் என்று அவருக்குத் தோன்றவேயில்லை.

ஷூவை மாட்டிக்கொண்டு அக்கா முன்னறையின் ஒரு சுவரிலிருந்து மறுசுவர்வரை நடந்தாள். தோள்கள் ஏறி இறங்கவில்லை. திரும்பி நடந்தாள்.

“இன்னாம்மா, தாசில்தார் மாரி நடக்கிற?” என்றார் அப்பா.

“சும்மா இருப்பா” என்றாள். அதற்குப் பிறகும் வெகுநேரம் நடந்துகொண்டேயிருந்தாள். அம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள். மூக்கு உறிஞ்சும் ஓசை மட்டும் கேட்டது.

ஆள் எடுக்கும் நாளில் அப்பாவும் நானும் கம்பெனிக்கு எதிரே இருந்த டீக்கடையில் காத்திருந்தோம். அக்கா சாலையைக் கடந்து கேட்டை நோக்கிப் போனாள். அவள் எடுத்துவைத்த ஒவ்வோர் அடிக்கும் அப்பாவின் வலக்கை, சக்கரம் சுழற்றுவதுபோலத் தொடையின்மேல் அசைந்தது.

முக்கால் மணி நேரத்தில் திரும்பி வந்தாள். சான்றிதழ்ப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, தலை நிமிர்ந்து, ஒரு சாய்வும் இல்லாமல் வந்தாள். அத்தனை அழகாக அவள் நடந்து நான் பார்த்ததில்லை.

“கெடச்சிடுச்சி. நடையப் பாத்தாலே தெரியுது பாரு” என்று அப்பா எழுந்து மூன்று டீ சொன்னார்.

அக்கா வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். “வாசல்லயே ஷூவக் கழட்டச் சொல்ட்டாங்கப்பா” என்றாள். பையை மடியில் வைத்துக்கொண்டு, “எல்லாரையுந்தான். ஆளுக்கொரு செருப்பு குடுத்தாங்க. தட்டையா இருந்துச்சு. அதப் போட்டுக்கினு நடக்கச் சொன்னாங்க” என்றாள். டீ வந்தது. அவள் அதை ஊதி ஊதிக் குடித்தாள்.

எனக்குத் தெரிந்த செய்தியைச் சொல்ல வேளை வந்ததென்று நினைத்தேன். “ஆமாப்பா! பக்கத்து வூட்டு அக்கா அப்பவே சொன்னாங்க. உள்ள கோயில் மாரியாம். வாசல்லயே கழட்டிடணுமாம்.”

அப்பா என்னைப் பார்த்தார். திட்டவில்லை. தவறான இடத்தில் ஊசி இறங்கிவிட்ட தோலை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்க்கும்போது அவர் முகம் எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது.

“வுடுப்பா. அதுக்கு இன்னா தெரியும்?” என்று அக்கா தன் பிஸ்கட்டை என் கையில் வைத்தாள். நான் தின்றேன்.

அந்தச் சனிக்கிழமையும் கோயிலுக்குப் போனோம். அக்கா அந்த ஷூவைப் போட்டுக்கொண்டு வந்து, வழக்கம்போல் வாசலருகே இருந்த கல்லில் உட்கார்ந்துகொண்டாள். சேவித்துவிட்டு வெளியே வந்ததும் நான் அவள்முன் நின்று, “நீ உள்ள வந்து கும்புடாததாலதான் வேலை கெடைக்கல. பெருமாள் கோச்சிக்கினாரு” என்றேன்.

அம்மா கையை ஓங்கினாள். அக்கா அதைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “நானும் உள்ள வந்துட்டா, செருப்பெல்லாம் எவனாவது தூக்கினு பூட மாட்டானா?”

அவள் கால்களை முன்னால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். இரண்டு ஷூவின் நுனிகளும் ஒரே நேர்கோட்டில் இருந்தன. பக்கத்தில் எங்கள் மூவரின் செருப்புகள் வரிசையாக இருந்தன. வார் அறுந்து அறுந்து, அப்பா அந்தக் குத்தூசியால் குத்தித் தைத்துக் கொடுத்தவை. அவற்றை எந்தத் திருடன் கொண்டுபோவான் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. அவள் சொன்னது நியாயமாகவே பட்டது. அடுத்த சனிக்கிழமை, நானே அந்தக் கல்லைப் பாவாடையால் துடைத்து, அவளை உட்காரவைத்துவிட்டு உள்ளே போனேன்.