அம்மாவின் பெட்டி பேசாத இரண்டு நாள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மாவின் பேச்சு நின்றுபோனது. அம்மாவுக்குச் சொந்தப் பேச்சு போன வருஷமே போய்விட்டது; கட்டி என்று சொல்லிக் குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். இப்போது நின்றது பெட்டியின் பேச்சு. சோப்பு டப்பா அளவில் ஒரு லினக்ஸ் கணினி, அதோடு ஒரு ஸ்பீக்கர். அம்மா கீபோர்டில் தமிழில் தட்டினால் அது வாய்விட்டுப் படிக்கும். கழுத்தில் தொங்கும் பொத்தானை அழுத்தினால், "யாராவது வாங்க" என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தும்.

அதை நான் செய்ததற்குக் காரணம் ஒரு டாக்டர். ஆபரேஷனுக்குப் பிறகு காட்டப் போனபோது, நடுவில் உட்கார்ந்திருந்த அம்மாவை விட்டுவிட்டு, "அவங்களுக்கு முழுங்க முடியுதா?" என்று என்னிடமே கேட்டுக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்ததும் அம்மா சிலேட்டில் பெரிதாக எழுதிக் காட்டினாள்: "நான் என்ன பொம்மையா?"

நான் அம்பத்தூரில் வேலைக்குப் போய்விட்டால் திருநின்றவூர் வீட்டில் அம்மா தனி. ஒருமுறை பாத்ரூமில் வழுக்கி விழுந்தபோது பெட்டி கத்தி, பக்கத்து வீட்டு அக்கா ஓடிவந்து தூக்கினார். அதனால் பெட்டி வாயை மூடியதும் உடனே அதைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளிருந்த மெமரி கார்டு செத்திருந்தது. லேப்டாப்பில் எப்போதோ எடுத்து வைத்திருந்த பழைய சிஸ்டத்தைப் புதுக் கார்டில் ஏற்றினேன். பெட்டி எழுந்தது, ஆனால் ஊமை. பேசும் சாஃப்ட்வேர் அந்தப் பழைய சிஸ்டத்தில் இல்லை; தனியாக இறக்கிப் போட வேண்டும். மழைநீர்க் கால்வாய் தோண்டுகிறேன் பேர்வழி என்று தெருவில் கேபிளை அறுத்துப் போட்டிருந்தார்கள். வீட்டுக்குள் போனில் பேசலாம். இன்டர்நெட் சுற்றிக்கொண்டே இருக்கும். நாசமாய்ப் போக!

என் லேப்டாப்பின் ப்ராசஸர் ஒரு வகை, பெட்டியின் ப்ராசஸர் வேறு வகை. ஒரு மிக்ஸியின் ஜார் இன்னொரு மிக்ஸியில் உட்காராது, சாஃப்ட்வேரும் அப்படித்தான். பெட்டியிடம் "நீ என்ன வகை?" என்று ஒரு கட்டளையில் கேட்டேன். ஆர்ம் வகை, அறுபத்து நான்கு பிட் என்றது. சரி, திங்கட்கிழமை ஆபீஸ் இன்டர்நெட்டில் அதற்கானதை இறக்கி வந்துவிடலாம் என்று மறுநாள் காலை கிளம்பினேன்.

கிளம்பினேனே தவிர, மனசு வீட்டிலேயே கிடந்தது. அம்மாவோடு போனில் பேச எங்களுக்கு ஒரு வழி உண்டு. நான் கேட்பேன், அவள் நகத்தால் போனைத் தட்டுவாள். ஒரு தட்டு என்றால் நல்லாயிருக்கேன், இரண்டு தட்டு என்றால் உடனே வா. பதினோரு மணிக்குக் கூப்பிட்டேன். அடித்து ஓய்ந்தது. மறுபடி கூப்பிட்டேன். ஓய்ந்தது. மூன்றாவது முறை எடுத்தாள்.

"அம்மா, நல்லாயிருக்கியா?"

சத்தமே இல்லை. பிறகு ஒரே ஒரு தட்டு.

அந்த ஒரு தட்டை நான் நம்பவில்லை. பேசும் சாஃப்ட்வேரையும் அதற்குத் துணையான கோப்புப் பொதிகளையும் பென்டிரைவில் அள்ளிக்கொண்டு அரைநாள் லீவு சொல்லிவிட்டு ரயிலேறினேன். ஆவடியில் ரயில் நின்றது நின்றபடி நின்றது. நான் கதவோரம் நின்று, தரையில் கிடக்கும் அம்மாவை விதவிதமாகக் கற்பனை செய்துகொண்டிருந்தேன்.

கதவைத் திறந்தால் அம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். வலது கை முந்தானைக்குள். எனக்கு உயிர் வந்தது. கூடவே கோபமும் வந்தது.

"போன எடுக்க இவ்ளோ நேரமா? உசுரே போச்சும்மா எனக்கு! என்ன பண்ணிட்டிருந்த? எழுதிக் காட்டு."

தலையை ஆட்டி மறுத்தாள். சிலேட்டைத் தொடவில்லை. காபியும் போடவில்லை. கோபித்துக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தேன்.

"குளிருதா?"

ஆமாம் என்று தலையாட்டி, இடது கையால் பெட்டியைக் காட்டினாள். முதலில் அதைப் பார் என்பது போல.

பென்டிரைவைச் செருகிக் கட்டளையைத் தட்டினேன். மாட்டேன் என்றது பெட்டி. நீ கொடுத்தது அறுபத்து நான்கு பிட் பொதி, நான் முப்பத்திரண்டு பிட் சிஸ்டம் என்றது. அடப்பாவி, நேற்று வேறு மாதிரிச் சொன்னாயே! வகை பொருந்தாவிட்டாலும் பரவாயில்லை, உள்ளே தள்ளு என்று அதட்டி ஏற்றவும் ஒரு வழி உண்டு. அதைத் தட்டியும் விட்டேன். எண்டரை அழுத்தப் போகையில் நிறுத்தினேன். ஏறும், ஆனால் ஓடாது. அடிப்படைக் கோப்பு ஏதாவது குழம்பினால் பெட்டி எழுந்திருக்கவே எழுந்திருக்காது. ஒவ்வோர் எழுத்தாக அழித்தேன்.

பிறகுதான் பொதிகளை நிறுவும் நிரலிடமே கேட்கத் தோன்றியது. அது முப்பத்திரண்டு என்றது. நேற்று நான் கேட்டது அடியில் ஓடும் கெர்னல் என்ற கருநிரலை. அது மட்டும் அறுபத்து நான்கு. மேலே சாஃப்ட்வேரெல்லாம் குடியிருக்கும் சிஸ்டம் முப்பத்திரண்டு. கேட்க வேண்டிய ஆளை விட்டுவிட்டு வேறு ஆளிடம் கேட்டிருக்கிறேன்.

நேற்றுத் தோன்றாத யோசனை இப்போது தோன்ற, லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடினேன். தண்ணீர்த் தொட்டி மேல் போனை வைத்தால் ஒரு கோடு சிக்னல் வந்தது. உனக்கு வேண்டாம், முப்பத்திரண்டு பிட் ஆர்முக்கு வேண்டும், நிறுவாதே, இறக்கி மட்டும் கொடு என்று லேப்டாப்புக்குச் சொன்னேன். ஆமை வேகத்தில் இறங்கியது. பக்கத்து மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த அக்கா குரல் கொடுத்தார்.

"இன்னா பாப்பா, ரெண்டு நாளா உங்கம்மா சவுண்டே காணோம்? நல்லாத்தானே கீது?"

"பெட்டி ரிப்பேர்க்கா."

"அது கூவலன்னா எனுக்கு எப்டிம்மா தெரியும்? காலீல கூட ஊட்டாண்டதான் இருந்தேன். சீக்கிரம் ரெடி பண்ணு."

எனக்குத் திரும்பவும் பயம் பிடித்துக்கொண்டது. சிக்னல் கோடு மறைந்து மறைந்து வந்தது. நான் தொட்டியைப் பிடித்தபடி, வா வா என்று வாய்விட்டுக் கெஞ்சினேன்.

கீழே வந்து பொதிகளை ஏற்றினேன். இந்த முறை முறைக்காமல் வாங்கிக்கொண்டது. "வணக்கம்" என்று நான் தட்ட, ஸ்பீக்கர் தன் வழக்கமான சுந்தரத் தெலுங்குச் சாயலில் "வணக்கம்" என்றது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கீபோர்டை அம்மாவின் மடியில் வைத்தேன்.

அம்மா இடது கையால் தட்டினாள். ஒரு விரல். எழுத்தைத் தேடித் தேடி.

"என்னம்மா, ரெண்டே நாள்ல மறந்துட்டியா?" என்று சிரித்தேன்.

பெட்டி பேசியது. "காலைல விழுந்தேன். வலது கை உடைஞ்சிருக்கு."

முந்தானையை விலக்கினேன். மணிக்கட்டு வீங்கிக் கறுத்துக் கோணியிருந்தது.

"அய்யோ, அப்ப ஏம்மா ஒரு தட்டு தட்டுன? நான் வந்தப்பவாவது காட்டியிருக்கலாமில்ல?"

மறுபடி அந்த ஒற்றை விரல். நான் காத்திருந்தேன்.

"சொல்லியிருந்தா இத விட்டுட்டு ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போயிருப்ப. டாக்டர் உன்னத்தான் கேட்டிருப்பார்."

ஆட்டோவுக்குச் சொல்லிவிட்டு, பெட்டியைப் பவர் பேங்கில் மாட்டி அம்மாவின் பையில் வைத்தேன். வாசலில் அக்கா பதறிக்கொண்டு வந்தார்.

"இன்னாம்மா ஆச்சு அம்மாவுக்கு?"

நான் வாயைத் திறந்தேன். அம்மா இடது கையை உயர்த்தி என்னை நிறுத்தினாள். கீபோர்டு மேல் விரல் ஒவ்வோர் எழுத்தாக நகர்ந்தது. அக்காவும் நானும் ஆட்டோக்காரரும் அவள் சொல்லி முடிக்கும்வரை நின்றோம்.